கணக்கு மறந்த கணக்குப்பிள்ளை: உடல்பருமன், கடும் நிமோனியா, மூளை – ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் நோயாளி ஒரே ஆள் இல்லை. தென்மாவட்டத்தில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில், கடும் நிமோனியாவோடு வந்த பருமனான நோயாளிகள் சிலரிடம் கண்டதை ஒருவர்மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன். வயது, தொழில், வீட்டு விவரம் எல்லாம் மாற்றியவை. நோய் போன வழியும், நாங்கள் தவறவிட்ட இடமும் மாற்றப்படவில்லை.

வந்தபோது

46 வயது ஆண். மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்குப்பிள்ளை. இருபது வருடத்துக்கு மேலாக அதே கடை, அதே மேஜை. கால்குலேட்டர் பக்கத்திலேயே இருக்கும், தொடமாட்டார் என்று மனைவி சொன்னார். 37 மூட்டை, மூட்டை இவ்வளவு என்று யாராவது சொல்லி முடிப்பதற்குள் தொகை வந்துவிடுமாம்.

ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். நான்கு நாளாகக் காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல். முதல் இரண்டு நாள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. மூன்றாம் நாள் மாடிப்படி ஏறமுடியவில்லை. நான்காம் நாள் இரவு படுத்தால் மூச்சு முட்டியதால் கட்டிலில் உட்கார்ந்தபடியே விடிந்திருக்கிறது. காலையில் பக்கத்தில் இருந்த சிறிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே மூச்சுக்குழாய் போட்டு, வென்டிலேட்டரோடு ஆம்புலன்சில் எங்களிடம் அனுப்பினார்கள்.

உயரம் 167 செ.மீ. எடை 105 கிலோ என்று மனைவி சொன்னார். கட்டில் தராசில் பார்த்தால் 121. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 43. கழுத்துச் சுற்றளவு 45 செ.மீ. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை உண்டு, ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. சர்க்கரை இருப்பது யாருக்கும் தெரியாது. எங்களிடம் எடுத்த மூன்று மாதச் சராசரி 8.1 என்று வந்தது. சளி மாதிரியில் இன்ஃப்ளூயன்சா ஏ எச்1என்1 என்ற ஃப்ளூ வைரஸ். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாக நிரம்பியிருந்தன.

குறட்டை பற்றிக் கேட்டேன். "அடுத்த வீடு வரைக்கும் கேக்கும் டாக்டர். நடுவுல திடீர்னு நின்னுரும். எனக்குப் பக்குன்னு இருக்கும். தட்டுவேன், பெருமூச்சு விட்டுட்டு மறுபடி ஆரம்பிப்பாக" என்றார். பகலில் பேனாவைப் பிடித்தபடியே பேரேட்டின் மேல் தூங்கிவிழுவதும் உண்டாம். கடையில் அதைக் கேலியாகப் பேசிச் சிரிப்பார்கள்.

குழாய் போடுவதற்கு முன் அங்கே எடுத்த தமனி ரத்தப் பரிசோதனைத் தாளும் கூடவே வந்திருந்தது. பி.எச். 7.24, கரியமில வாயு 78, பைகார்பனேட் 32. எல்லாரும் 78-ஐப் பார்த்துப் பதறினார்கள். எனக்கு அந்த 32 தான் முக்கியமாகப் பட்டது. நான்கு நாள் காய்ச்சலில் பைகார்பனேட் அவ்வளவு ஏறாது. தேங்கும் கரியமில வாயுவுக்கு ஈடுகொடுக்கச் சிறுநீரகம் மாதக்கணக்கில் சேர்த்துவைத்த காரம் அது. அதாவது காய்ச்சல் வருவதற்கு முன்பே இந்த மனிதர் இரவிலும், ஓரளவு பகலிலும் போதுமான மூச்சில்லாமல்தான் வாழ்ந்திருக்கிறார். அவர் மூளை ஏற்கெனவே குறைந்த ஆக்சிஜனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மூளை.

அனுப்பியவர்களின் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. குழாய் போடும்போது ஆக்சிஜன் 62 வரை இறங்கியது, மேலே வர நான்கு நிமிடம் ஆனது என்று எழுதியிருந்தார்கள். இதை மறைக்காமல் எழுதியதற்காக அவர்களை மதிக்கிறேன். இது யார் கையிலும் நடக்கக்கூடியது. சாதாரண ஆளுக்கு மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். குழாய் போடும் ஓரிரு நிமிடத்துக்கு அந்தச் சேமிப்பு தாங்கும். பருமனானவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி அந்தச் சேமிப்பைப் பிழிந்துவிடும். அதனால் தோளுக்கும் தலைக்கும் அடியில் போர்வைகளை அடுக்கி, காதுத் துளையும் மார்பெலும்பும் ஒரே மட்டத்தில் வரும்படி சாய்வாக வைத்துக்கொண்டுதான் குழாய் போடவேண்டும். போர்வை அடுக்க இரண்டு நிமிடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

எடை ஏமாற்றிய இரண்டு இடங்கள்

ஆம்புலன்சில் வந்த வென்டிலேட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் 600 மி.லி. வைத்திருந்தது. 121 கிலோ ஆளுக்கு இது குறைவுதானே என்று தோன்றும். இங்கேதான் முதல் சறுக்கல். உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. அதன் அளவு உயரத்தைப் பொறுத்தது. ஆணுக்கு 50 கிலோவோடு, உயரம் 152.4 செ.மீ.க்கு மேல் போகும் ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.91 கிலோ கூட்ட வேண்டும். இவருக்கு 63 கிலோ வரும். கிலோவுக்கு 6 மி.லி. என்றால் 380. அவர் நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் தாங்கவேண்டியதைப்போல ஒன்றரை மடங்கு ஊதப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறது. கிலோவுக்கு 6 என்ற இந்தக் கணக்கு 2000-இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலிருந்து வந்தது. 12 மி.லி. கொடுத்தவர்களில் 39.8% இறந்தார்கள், 6 மி.லி. கொடுத்தவர்களில் 31%. மருந்து எதையும் மாற்றாமல் ஒரு குமிழைத் திருப்பியதில் வந்த வித்தியாசம் இது. வந்த பத்து நிமிடத்தில் 380-க்கு மாற்றினோம். நுரையீரலின் கீழ்ப்பகுதி மூடிக்கொள்ளாமலிருக்க மூச்சு வெளியேறி முடியும்போதும் உள்ளே நிற்கும் அழுத்தத்தை 14-க்கு ஏற்றினோம்.

இரண்டாவது சறுக்கல் எங்களுடையது. மிடசோலம் மயக்க மருந்தை எடைக்குக் கணக்குப் பார்த்து மணிக்கு 7 மி.கி. ஓடவிட்டோம். எடை என்றால் தராசு காட்டிய எடை. தொடர்ந்து ஓடும் மிடசோலத்தை உயரத்துக்குரிய எடைக்குத்தான் கணக்கிட வேண்டும்; அப்படிப் பார்த்திருந்தால் 4 போதும். இந்த மருந்து கொழுப்பில் கரையும். பருமனானவர் உடம்பில் அது கொழுப்புக்குள் போய் ஒதுங்கி, நிறுத்திய பிறகு மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்பி வரும். சிறுநீரகம் பழுதானால் அதன் கழிவுப்பொருளும் தேங்கி மயக்கத்தை நீட்டிக்கும். நுரையீரலுக்கு உயரத்தைப் பார்க்கத் தெரிந்த நாங்களே மருந்துக்கு எடையைப் பார்த்தோம். ஆறு நாளில் உள்ளே போன மொத்த மிடசோலம் 1,000 மி.கி. பிற்பாடு மருந்துத் தாள்களை எடுத்து உட்கார்ந்து கூட்டியபோதுதான் இந்த எண் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்தபோது யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாள்

நுரையீரல் பக்கம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது நன்றாகவே நடந்தது. ஃப்ளூ மருந்தான ஓசெல்டமிவிர் 5 நாள். குப்புறப் படுக்க வைத்து ஒரு தடவைக்கு 16 மணி நேரம், நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் திருப்ப ஏழு பேர் வேண்டியிருந்தது. வயிறு அழுந்தாமல் தொங்கும்படி நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தலையணை வைத்தோம். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின். நான்காம் நாள் சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் 2.4 வரை போய், டயாலிசிஸ் இல்லாமலே இறங்கியது. ஆறாம் நாள் ஆக்சிஜன் தேவை பாதியாகக் குறைந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஏழாம் நாள் காலை மயக்க மருந்தை நிறுத்தினோம். மதியத்துக்குள் கண் விழிப்பார் என்று நினைத்தோம். விழிக்கவில்லை. எட்டாம் நாளும் இல்லை. வலி கொடுத்தால் கையை இழுத்தார், அவ்வளவே. பக்கவாதமோ என்று பயந்து சி.டி. எடுத்தோம், ஒன்றுமில்லை. மூளை மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் வலிப்பு இல்லை, அலைகள் மட்டும் மந்தமாக இருந்தன. ஒன்பதாம் நாள் சாயங்காலம் நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கண் திறந்தார்.

அந்த ஒன்பது நாளில் நாங்கள் மணிக்கொரு தடவை எழுதிய எண்கள் எத்தனையோ. ஆக்சிஜன், ரத்தக்கொதிப்பு, சிறுநீர், சர்க்கரை. மூளை பற்றி எழுத ஒரு கட்டம் அந்தத் தாளில் இருந்தது. பெரும்பாலும் "மயக்கத்தில்" என்று ஒரே சொல். மயக்கத்தில் இருப்பவரை என்ன சோதிப்பது என்று விட்டுவிட்டோம். தினம் ஒரு தடவை மருந்தை நிறுத்திப் பார்த்திருந்தால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு பதில் கிடைத்திருக்கும். குப்புறப் படுக்க வைத்த நாட்களில் அது முடியாதுதான். மற்ற நாட்களில் முடிந்திருக்கும்.

பத்தாம் நாள் இரவு வேறு மாதிரி ஆனது. குழாயை இழுத்தார், கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். வாயில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. கையால் தரையைக் காட்டி, மூட்டை தூக்குவதுபோல் சைகை செய்துகொண்டே இருந்தார். குழாயை எடுத்த பிறகுதான் விளங்கியது: கிட்டங்கிக்குள் மழைத்தண்ணீர் ஏறுகிறது, அரிசி நனைகிறது, யாரும் வந்து தூக்கமாட்டேன் என்கிறார்கள். அவருக்கு அது கனவு இல்லை. அங்கேயே நின்று பார்த்திருக்கிறார். எங்கள் ஆட்கள் கையைக் கட்டிப் போட்டார்கள். முதலாளி சரக்கு நனையும்போது தன் கை ஏன் கட்டப்பட்டிருக்கிறது என்று அவர் என்ன நினைத்திருப்பார் என்பது இன்றும் எனக்கு வந்து போகும்.

இதுதான் டெலிரியம், கடும் நோயில் வரும் திடீர் மனக்குழப்பம். இப்படித் துள்ளினால் எல்லாருக்கும் தெரியும். பதினோராம் நாள் அவர் அமைதியாகிவிட்டார். மருத்துவர்கள் காலையில் சுற்றிவரும்போது "நோயாளி ஒத்துழைக்கிறார்" என்று எழுதினார்கள். நான் போய்க் கையைக் கொடுத்து, பத்து எழுத்து சொல்கிறேன், "க" வரும்போது மட்டும் அமுக்குங்கள் என்றேன். நான்கு தடவை தப்பு. ஒரு தடவை அமுக்கிய கையை விடவே மறந்துவிட்டார். துள்ளும் டெலிரியத்தைவிட இந்த அமைதியான டெலிரியத்தைத்தான் நாங்கள் அதிகம் தவறவிடுகிறோம். தொந்தரவு தராத நோயாளி தேறிவிட்டார் என்று எண்ணிவிடுகிறோம்.

அன்று கேட்டபோதுதான் அவர் கண்ணாடி போடுபவர் என்பதே தெரிந்தது. பதினோரு நாளாக அந்தக் கண்ணாடி மனைவியின் கைப்பையில் இருந்திருக்கிறது. தொற்று என்று சொல்லி அவரை உள்ளே விடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. முகக்கவசம், அங்கி போட்டு உள்ளே கூட்டிவந்தோம். கண்ணாடியை மாட்டிவிட்டு, சுவரில் கடிகாரத்தைக் காட்டி, "மணி நாலு ஆகுது. கடையில எல்லாம் சரியா இருக்கு. தண்ணியெல்லாம் வரல" என்றார். கணவர் அழுதார். அன்றிரவு மருந்தில்லாமல் நான்கு மணி நேரம் தூங்கினார். பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்து முகமூடி வழி மூச்சுக்கருவிக்கு மாற்றினோம். டெலிரியம் முழுதாக விலக இன்னும் மூன்று நாள் ஆனது.

கோவிட் முதல் அலையில் 14 நாடுகளின் 69 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,088 நோயாளிகளைப் பார்த்த ஆய்வொன்று உண்டு. அவர்களில் பாதிக்கு மேல், 54.9% பேருக்கு, டெலிரியம் வந்தது. மிடசோலம் வகை மருந்து ஓடியவர்களுக்கு மறுநாள் டெலிரியம் வரும் வாய்ப்பு 59% அதிகமாக இருந்தது. வீட்டார் நேரிலோ காணொளியிலோ வந்து பேசியவர்களுக்கு 27% குறைவாக இருந்தது. இதை நான் படித்திருந்தேன். படித்தும் மனைவியை வெளியே பதினோரு நாள் பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம்.

23-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். எடை 108. பார்த்தவர்கள் "நல்லா எறங்கிட்டாரே" என்றார்கள். அதில் பெரும்பங்கு தசை, கொழுப்பு இல்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை. டிஸ்சார்ஜ் தாள் மூன்று பக்கம். நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை, கொதிப்பு எல்லாம் இருந்தன. மூளையைப் பற்றி ஒரு வரி இல்லை. பதினைந்து நாள் மயக்கத்திலும் குழப்பத்திலும் கிடந்தவர் என்பது அந்தத் தாளைப் படிக்கும் அடுத்த மருத்துவருக்குத் தெரியவே வழியில்லை.

ஆறு வாரம் கழித்து

மனைவி தனியாகத்தான் முதலில் உள்ளே வந்தார். "சளி டாக்டர் நுரையீரல் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாக. ஆனா கணக்கு வரமாட்டேங்குது டாக்டர்."

ரூ.1,340-ஐ 13,400 என்று ஏற்றியிருக்கிறார். ஒரே லாரிக்கு இரண்டு தடவை வாடகை கொடுத்திருக்கிறார். சர்க்கரை மாத்திரை போட்டோமா இல்லையா என்று தெரியாமல் ஒரு நாள் இரண்டு தடவை போட்டு வேர்த்து விழுந்திருக்கிறார். பழகிய தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று நின்றிருக்கிறார். கோபம் வேறு. கடையில் நாலு பேர் சேர்ந்து பேசினால் எழுந்து போய்விடுகிறாராம். "உடம்பு தேறணும்ல, அதான்" என்று முதலாளி ஒரு மாதம் பொறுத்திருக்கிறார்.

அவர் உள்ளே வந்து ஒன்றுதான் சொன்னார்: "தலைக்குள்ள பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருக்கு டாக்டர்."

நினைவு, கவனம் போன்றவற்றைப் பார்க்க மோகா என்று 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை; தமிழ் வடிவமும் இருக்கிறது. 26-ஓ அதற்கு மேலோ இருந்தால் சரி. இவருக்கு, பன்னிரண்டாம் வகுப்புப் படிப்புக்கான ஒரு மதிப்பெண்ணையும் கூட்டி, 19. பெயர் சொல்வது, படம் பார்ப்பது, நாள், இடம் எல்லாம் சரி. ஐந்து சொல்லில் ஐந்து நிமிடம் கழித்து ஒன்றுதான் நினைவிருந்தது. 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். 93. 86. அப்புறம் 78. பிறகு என் முகத்தைப் பார்த்தார். தப்பு என்று அவருக்கே தெரிந்துவிட்டது, எங்கே தப்பு என்றுதான் பிடிபடவில்லை. எத்தனையோ பேருக்கு இந்தச் சோதனை வைத்திருக்கிறேன், அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

சரிசெய்யக்கூடியது ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தோம். தைராய்டு சரி. பி12 குறைவு, ஊசி போட்டோம். மனச்சோர்வு மிதமாக இருந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால், 60 செ.மீ. துளைக்குள் தோள் நுழையவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், 70 செ.மீ. கருவி உள்ள இடம் தேடிப் போக வேண்டியதாயிற்று. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டையில் ஐந்தாறு பொடிப்பொடி ரத்தக்கசிவுத் தழும்புகள் இருந்தன. கடும் மூச்சுத்திணறலில் நாட்கணக்கில் கிடந்தவர்களிடம் இப்படிப்பட்ட புள்ளிகள் இருப்பது பதிவான விஷயம்தான். உறக்க ஆய்வில் மணிக்கு 58 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போனது. ஆக்சிஜன் 71 வரை இறங்கியது. அதாவது வீட்டுக்குப் போன பிறகும் தேறிக்கொண்டிருந்த அந்த மூளையை ஒவ்வொரு இரவும் நாங்கள் திணறவிட்டிருக்கிறோம். உறக்க ஆய்வுக்கான காரணம் முதல் நாளே மனைவியின் வாயிலிருந்து வந்துவிட்டது. டிஸ்சார்ஜுக்கு முன் தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் மூச்சுக்கருவியை ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது

கடும் சுவாசத் தொற்றும் பருமனும் சேர்ந்தால் ஆபத்து என்பது 2009-இல் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எச்1என்1 நுரையீரல் செயலிழப்போடு வந்த பத்துப் பேரைப் பற்றிய குறிப்பு ஜூலையில் வெளியானது. பத்தில் ஒன்பது பேர் பருமன், ஏழு பேருக்கு பி.எம்.ஐ. 40-க்கு மேல். ஐந்து பேருக்கு நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி. மூன்று பேர் இறந்தார்கள். 2020-இல் பிரான்சின் லீல் நகரில் கோவிட்டோடு தீவிர சிகிச்சைக்கு வந்த 124 பேரைப் பார்த்தபோது, பி.எம்.ஐ. 35-க்கு மேல் இருந்தவர்களில் 85.7% பேருக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது.

பிழைத்தவர்களின் மூளைக்கு என்ன ஆகிறது என்பதற்கு 2013-இல் வெளிவந்த, அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஆய்வைத்தான் நான் திரும்பத் திரும்பப் புரட்டுகிறேன். மூச்சுத் தோல்வியாலோ அதிர்ச்சி நிலையாலோ தீவிர சிகிச்சைக்கு வந்த 821 பேர். 74% பேருக்கு டெலிரியம். ஓராண்டு கழித்தும் சோதித்தவர்களில் 34% பேரின் அறிவுத்திறன், தலையில் மிதமான அடிபட்டவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. 24% பேருக்கு லேசான அல்சைமர் அளவுக்கு. டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பின்விளைவும் இருந்தது. இளையவர், முதியவர் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. 46 வயதுக்காரருக்கு இப்படி வராது என்று நாங்கள் அசட்டையாக இருந்ததற்கு நியாயமே இல்லை.

பருமன் இதில் எங்கே நுழைகிறது? ஆக்சிஜனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் நரம்பணுக்கள் ஆக்சிஜன் குறைவைத் தாங்காதவை. அந்த நான்கு நிமிடம் அவற்றுக்கு நீண்ட நேரம். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கொழுப்பே ஒரு சுரப்பிபோல நடந்துகொள்வதுதான். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்டர்லூகின்-6, லெப்டின் போன்ற பொருட்களை எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். உடம்பு எப்போதும் லேசான அழற்சியில் இருக்கும். அடுப்பு ஏற்கெனவே கனன்று கொண்டிருக்கும்போது தொற்று வந்து எண்ணெய் ஊற்றுகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் வேலி கசிய ஆரம்பிக்கிறது. மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியா விழித்துக்கொள்கின்றன. தொற்று போன பிறகும் அவை சீக்கிரம் அடங்குவதில்லை. வைரஸ் மூளைக்குள் போகவே வேண்டியதில்லை. இதற்கு மேல் ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மை, சர்க்கரை, கொழுப்பில் ஒதுங்கிய மயக்க மருந்து. பிற்கால மறதிநோய்க்கு லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட 14 தடுக்கக்கூடிய காரணங்களில் நடுவயதுப் பருமனும் இடம்பெற்றிருக்கிறது. சர்க்கரையும் கொதிப்பும் அதே பட்டியலில் இருக்கின்றன. இவரிடம் மூன்றும் இருந்தன.

இவருடைய கணக்கு போனதில் கொழுப்பின் பங்கு எவ்வளவு, ஆக்சிஜன் பங்கு எவ்வளவு, எங்கள் மிடசோலத்தின் பங்கு எவ்வளவு என்று ஒரே நோயாளியை வைத்துப் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் அதில் எங்கள் கையில் இருந்த பங்கு எது என்பது தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நுரையீரல் செயலிழப்பில் பருமனானவர்கள் மற்றவர்களைவிட அதிகம் இறப்பதில்லை, சில ஆய்வுகளில் சற்றுக் கூடுதலாகவே பிழைக்கிறார்கள். அப்படியிருந்தும் வார்டில் அவர்களைப் பற்றிப் பேசும் பேச்சு வேறு. இவரைக் குப்புறத் திருப்பும்போது ஒருவர் "சாப்பாட்டு ராமன்" என்றார், மற்றவர்கள் சிரித்தார்கள். மயக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்காது என்று யார் சொன்னது? அன்று நான் கண்டித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புதான் "இவ்வளவு எடை, மெதுவாத்தான் முழிப்பார்" என்று மருந்துத் தாளைப் பார்க்காமல் இருக்க வைக்கிறது என்பது என் எண்ணம். எடையை எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொன்னால் வேறு காரணம் தேடத் தோன்றாது. தமிழ்நாட்டில் தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், பெண்களில் 40.4%, ஆண்களில் 37% பேருக்கு பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டியிருந்தது. நாம் சிரித்துக்கொண்டிருப்பது நம்மில் ஐந்தில் இரண்டு பேரைப் பார்த்து.

அப்புறம்

மூச்சுக்கருவி விலை அவருக்கு மூன்று மாதச் சம்பளம். பாதியை முதலாளி முன்பணமாகக் கொடுத்தார். முகமூடி முதல் பத்து நாள் தூங்கவிடவில்லை. மூக்கை மட்டும் மூடும் வகைக்கு மாற்றியதும் பழகிக்கொண்டார். பகல் தூக்கம் இரண்டு வாரத்தில் போய்விட்டது. ஒரு மாதத்தில் கோபம் குறைந்தது என்று மனைவி சொன்னார். கணக்கு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை.

கடையில் அரை நாள் வேலை. கல்லாப்பக்கம் வேண்டாம், பின்கட்டில் சத்தமில்லாத மேஜை. ஒரு நேரத்தில் ஒரு வேலை. எதையும் சட்டைப்பை நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்தது. மாத்திரைக்கு வாரப்பெட்டி. சாயங்காலம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் வாய்ப்பாடு கேட்பாள், அப்பா சொல்ல வேண்டும். இது என் யோசனை இல்லை, அந்தப் பெண்ணே ஆரம்பித்தது. முதலில் அவர் கூசியிருக்கிறார். பிறகு அதற்காகவே சீக்கிரம் வீட்டுக்கு வர ஆரம்பித்திருக்கிறார். காலையில் நடை, முதல் மாதம் தெருமுனை வரை, பிறகு நாற்பது நிமிடம். தசை கூடும்படி பருப்பு, முட்டை கூட்டி, கடையோரச் சாயங்கால வடையையும் ராத்திரி புரோட்டாவையும் குறைத்தோம். முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை, சொன்னால் நடக்காது. ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி.

மூன்றாம் மாதம் எடை 112. இந்தத் தடவை ஏறியதில் கொஞ்சம் தசையும் இருந்தது. கை ஊன்றாமல் எழுந்து காட்டினார். ஆறாம் மாதம் மோகா 23. பன்னிரண்டாம் மாதம் 25, எடை 103, சர்க்கரைச் சராசரி 6.6. ஐந்து சொல்லில் நான்கு நினைவிருந்தது. 100-லிருந்து ஏழு ஏழாக 65 வரை ஒழுங்காக இறங்கினார், முன்பைவிட மெதுவாக.

எங்கள் பிரிவில் இப்போது மயக்க மருந்துத் தாளின் மேலேயே உயரத்துக்குரிய எடையை எழுதுகிறோம், தராசு எடைக்குப் பக்கத்தில், சிவப்பு மையில். காலைச் சுற்றில் "க" சோதனை உண்டு. கண்ணாடி, காதுக்கருவி உண்டா என்று சேர்க்கும்போதே கேட்கிறோம். வீட்டார் ஒருவர் தினம் இரண்டு வேளை உள்ளே வரலாம். டிஸ்சார்ஜ் தாளில் டெலிரியம் எத்தனை நாள் என்று ஒரு வரியும், ஆறாம் வாரம் மோகா என்று ஒரு வரியும் சேர்ந்திருக்கின்றன.

கடைசியாக வந்த அன்று சும்மா கேட்டேன்: "37 மூட்டை, மூட்டை 1,460. எவ்வளவு அண்ணாச்சி?" கூரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. பாதியில் நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார், எழுதிப் போட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். 54,020. "சரியா டாக்டர்?" என்றார். சரி என்றேன். "முன்னாடி மாதிரி இல்ல" என்று சொல்லிக்கொண்டே நோட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்து.